பழைய பேக்கப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பத்துப் பதினைந்து வருஷமாக நடக்கும் ஒரு டிடிபி கடையின் மேசைக்கு அடியில் பாருங்கள். பழைய மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க், பின்னால் ஒரு லேன் துளை, ஒரு அடாப்டர் துளை. முன்னால் வேலை பார்த்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் மதர்போர்டு போய் ஆக்கர்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அது ராத்திரி ராத்திரியாக லேன் வழியே எழுதிவைத்த பேக்கப் இந்தப் பெட்டிக்குள் கிடக்கும். கல்யாண ஆல்பம், ஊர்த் திருவிழா மலர், ரப்பர் ஷீட் கணக்கு, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் என்று பலதும் அதில் இருக்கலாம்.

இப்படிப்பட்ட பேக்கப் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். அதைக் கெடுப்பது தேடத் தொடங்கும் முதல் அரை மணி நேரம். டிஸ்க்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் செருகியதும் "ஃபார்மட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்கும், யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள். அல்லது பிழை திருத்துவதாக நினைத்து செக்டிஸ்க் ஓட்டுவார்கள். அதுவும் இல்லாவிட்டால் புது கம்ப்யூட்டருக்குப் பழைய பெயரையே வைத்து, அதே பெட்டியில் புது பேக்கப்பை ஆரம்பித்துவிடுவார்கள். விண்டோஸ் 7 முறையில் நெட்வொர்க்கில் எழுதும் முழு இமேஜ் (டிரைவ் முழுவதன் நகல்) ஒரு கம்ப்யூட்டர் பெயருக்கு ஒன்றுதான் இருக்கும், புதிது எழுதினால் பழையது போய்விடும். அதனால் பெட்டியிலிருந்து வாசிக்க மட்டும் செய்யுங்கள், அதன் மேல் எதையும் எழுத விடாதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

முதலில் கரண்ட். அடாப்டர் காணாமல் போயிருந்தால் கைக்குக் கிடைத்த லேப்டாப் அடாப்டரைச் செருகாதீர்கள். லேப்டாப்புடையது பொதுவாக 19 வோல்ட், ஒற்றை டிஸ்க் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட்டும் ஒன்றரை முதல் 2 ஆம்பியரும்தான் வேண்டும். பின்னின் உள்பக்கம் பாசிட்டிவா நெகட்டிவா என்பது பெட்டியின் அடியில் உள்ள சின்ன வட்டப் படத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். பழைய அடாப்டர் கைவசம் இருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வறண்டுபோன அடாப்டர், சும்மா வைத்து அளந்தால் 12 காட்டும். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அப்போது வோல்டேஜ் விழுந்துவிடும். டிஸ்க் சுழன்று நின்று மறுபடி சுழலும், டிக் டிக் என்று சத்தம் வரும், டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, சுமை இருக்கும்போது 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் வேறு அடாப்டர். அதற்குப் பிறகும் டிக் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது பெரும்பாலும் தட்டை வாசிக்கும் தலைப்பகுதியின் கோளாறு, ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் தட்டின் மேல் இன்னும் கொஞ்சம் கீறல் விழலாம். தூசி இல்லாத சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குப் போக வேண்டிய கேஸ் அது.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கக் கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று. டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகையைத் தலைப்பகுதியோடு இணைக்கும் சின்னத் தொடுதகடுகள் கறுத்துப்போகும். அப்போதும் டிஸ்க் சுழலும், ஆனால் தன்னை அடையாளம் காட்டாது. பலகையைப் பிடித்திருக்கும் நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்துப் பூட்டினால் உயிர் பெறுவது உண்டு. ஆனால் "அதே மாடல் டிஸ்க்கின் பலகையை மாற்றிப் போட்டால் போதும்" என்பது பழைய கதை. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனியான அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை.

பெட்டி உயிரோடு இருந்தால் டிஸ்க்கைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், லேன் வழியாகவே எடுத்துப் பாருங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரியும், லேப்டாப்பில் ஒன்றும் தெரியாது. காரணம் பெரும்பாலும் ஐபி எண்தான். பெட்டி வாங்கிய காலத்து மோடம் 192.168.1 என்ற வரிசையில் இருந்திருக்கும், பெட்டிக்கு 192.168.1.50 என்பதுபோல் ஒரு நிலையான எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இப்போது வீட்டில் இருப்பது ஜியோ ஃபைபர் என்றால் அது 192.168.29 வரிசை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. ரவுட்டரை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு லேன் கேபிள் போடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, லேன் அமைப்பில் 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். பழைய எண் நினைவில்லையா? வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு பெட்டியை ஆன் செய்யுங்கள். எழுந்திருக்கும்போது "நான் இந்த எண்" என்று அது தானே அறிவிக்கும், அந்த வரி திரையில் ஓடும். நிலையான எண் எதுவும் கொடுக்கப்படாத பெட்டி என்றால் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்போது லேப்டாப்பையும் தானியங்கியாகவே விட்டுவிடலாம்.

நேர்க் கேபிளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பழைய பெட்டிகள் பலவும் கோப்புகளைப் பகிரப் பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய மொழி. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆபீஸ்களையும் முடக்கிய வானாக்ரை வைரஸ் பரவியது இதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷம் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸில் இந்த மொழி சேர்ந்து வருவதில்லை. அதனால்தான் எண் சரியாக இருந்தும் "இந்தப் பகிர்வு பாதுகாப்பானது அல்ல" என்று புது லேப்டாப் மறுக்கிறது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும் பகுதிக்குப் போய், எஸ்எம்பி 1.0 என்பதன் கீழ் உள்ள மூன்றில் கிளையன்ட் என்பதை மட்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். சர்வர் என்பதைத் தொடாதீர்கள். வேலை முடிகிற வரை அந்த லேப்டாப் இன்டர்நெட்டில் இருக்கக் கூடாது, முடிந்த அன்றே டிக்கை எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத பகிர்வு என்றால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அதையும் தடுக்கும். அதன் பூட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவதைவிட, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் (பிரவுசரில் பெட்டியின் எண்ணை அடித்தால் வருவது) ஒரு பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கிக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தில் கோப்புகளை அனுப்ப எஃப்டிபி என்று ஒரு வசதி இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஃபைல்ஜில்லா என்ற இலவச மென்பொருளை வைத்து இழுத்துவிடலாம், விண்டோஸின் எந்தப் பூட்டையும் தொட வேண்டாம்.

நிர்வாகப் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. பின்னால் ஊசித்துளையில் ரீசெட் இருக்கும். ஆனால் பல பெட்டிகளில் சில நொடி அழுத்தினால் பாஸ்வேர்டு மட்டும் போகும், அதிக நேரம் அழுத்தினாலோ இரண்டாம் முறை அழுத்தினாலோ எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். மாடல் எண்ணின் கையேட்டைத் தேடி எத்தனை நொடி என்று பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

வேகத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் லேன் துளை உள்ள பெட்டி நொடிக்கு ஏறத்தாழ 11 எம்பி தரும். 500 ஜிபி எடுக்கப் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் பக்கம் சாயங்காலம் இடி இறங்கும், அதனால் காலையில் ஆரம்பிப்பது நல்லது. மழை வந்தால் பிளக்கைப் பிடுங்குகிறோம், லேன் கேபிளை மறந்துவிடுகிறோம். செம்புக் கம்பி எதுவாக இருந்தாலும் மின்னல் அதன் வழியே வரும்.

பெட்டியின் பலகையே போயிருந்தால்தான் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். யுஎஸ்பி டாக் (வெறும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வழியாக அதை மாட்டும்போது விண்டோஸில் மாட்டாதீர்கள். பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ், டிஸ்க்கும் லினக்ஸ் முறையில்தான் பிரிக்கப்பட்டிருக்கும், அதனால்தான் ஃபார்மட் கேள்வி வருகிறது. ஒரு பென் டிரைவில் உபுண்டு போட்டு, நிறுவாமலே ஓடவிடும் முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். 1 டிபி டிஸ்க்குக்கு 2 டிபி இடம் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு டிஸ்க் ஃபேட் 32 முறையில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது.

டிடிரெஸ்க்யூ கட்டளையைக் கொடுக்கும்போது, மூல டிஸ்க், நகல் கோப்பு இரண்டுக்கும் பின்னால் மேப் ஃபைல் என்ற மூன்றாவது கோப்பின் பெயரையும் கட்டாயம் கொடுங்கள். எதுவரை வாசித்தோம், எங்கே முடியவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது போல நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் செய்த வேலை வீணாகாது. ஆனால் மேப் ஃபைலைப் பென் டிரைவில் ஓடும் உபுண்டுவின் டெஸ்க்டாப்பில் வைத்தால், அணைத்ததும் அது போய்விடும். இலக்கு டிஸ்க்கில் வையுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டச் சொல்லுங்கள், நல்லதெல்லாம் கைக்கு வந்தபின் மூன்று முறை மறுமுயற்சி. இந்த வரிசையை மாற்றினால், தளர்ந்த டிஸ்க் கெட்ட இடத்தோடு மல்லுக்கட்டி, நல்ல இடத்தைத் தருவதற்குள் நின்றுவிடும்.

நகல் கிடைத்துவிட்டால் மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகல் மேல்தான். பெட்டியில் ஒரே டிஸ்க் இருந்தாலும் அதில் ரெய்டு அடுக்கு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு) இருக்கலாம், எம்டிஏடிஎம் என்ற கருவி அதைச் சேர்த்துக்கொடுக்கும். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் கண்ணாடி முறை என்றால் ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றது தொடாமல் இருக்கட்டும். மூன்று நான்கு டிஸ்க் உள்ள பெட்டி என்றால் கழற்றும் முன்பே எது எந்தத் தட்டில் இருந்தது என்று மார்க்கரால் எழுதுங்கள். மவுன்ட் செய்யும்போது, அதாவது கோப்புகள் தெரியும்படி இணைக்கும்போது, வாசிக்க மட்டும் என்று சொன்னாலும் போதாது. ஈஎக்ஸ்டி 4 என்ற லினக்ஸ் முறையில் பாதியில் நின்ற பதிவுகளை முடித்துவைக்க லினக்ஸ் எழுதப் பார்க்கும், நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் போன்ற பெட்டிகளில் பிளாக் அளவு 64 கேபி. சாதாரண கம்ப்யூட்டரின் லினக்ஸ் அதை மவுன்ட் செய்ய மறுக்கலாம். டிஸ்க் கெட்டது என்று அர்த்தமில்லை, ஃப்யூஸ் ஈஎக்ஸ்டி 2 என்ற கருவியால் திறந்துவிடலாம்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்பது. ஃபோல்டர்களின் பெயரைப் பார்த்தாலே எந்த முறை என்று தெரியும்.

கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பேக்கப் செட் என்று தேதியோடு ஃபோல்டர்கள், அதற்குள் 200 எம்பி அளவில் நூற்றுக்கணக்கான ஜிப் கோப்புகள் இருந்தால் அது விண்டோஸ் 7-இன் கோப்பு பேக்கப். ஜிப்பைத் தனியே திறந்தும் பார்க்கலாம். ஆனால் 200 எம்பியைத் தாண்டிய வீடியோவும் பெரிய ஆல்பக் கோப்பும் பல ஜிப்புகளில் துண்டாகக் கிடக்கும், கையால் எடுத்தால் பாதிதான் வரும். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 பேக்கப் மற்றும் ரீஸ்டோர் என்பது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இன்னும் இருக்கிறது. அதில் வேறொரு பேக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியாகப் போய், நகலெடுத்த ஃபோல்டரைக் காட்டி, புது இடத்தில் இறக்கச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-இன் ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் பதிப்புகளுக்கு நெட்வொர்க்கில் பேக்கப் எழுதும் வசதியே கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அப்படி இருந்தால் இந்த ஃபோல்டரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், பெட்டியோடு வந்த வேறு மென்பொருளின் கோப்பைத் தேடுங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் கடிகாரம் மதர்போர்டு தயாரான வருஷத்துக்குப் போய்விடும். 2009 ஜனவரி 1 என்று இருக்கும் செட்தான் உண்மையில் கடைசியாக எழுதியதாக இருக்கலாம். உள்ளே உள்ள பில் எண்ணையோ கல்யாண அழைப்பிதழின் தேதியையோ பார்த்து முடிவு செய்யுங்கள். தேதியை நம்பிப் "பழைய" செட்டை அழித்தால் திரும்ப வராது.

விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்ற ஃபோல்டர் இருந்தால் அதுதான் புதையல். அதற்குள் விஎச்டி என்று முடியும் பெரிய கோப்பு பழைய சி டிரைவ் முழுவதும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அட்டாச் விஎச்டி என்பதில், வாசிக்க மட்டும் என்ற டிக்கோடு இணைத்தால் புது டிரைவாக வந்து நிற்கும். பழைய பயனரின் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வரும். வாசிக்க மட்டும் இணைத்ததால் உரிமையை மாற்றவும் முடியாது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி இணைக்கத் தோன்றும், வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட் கருந்திரையில் ரோபோகாப்பி கட்டளையோடு பேக்கப் முறைக்கான பி விருப்பத்தைச் சேர்த்தால் அனுமதியைத் தாண்டி நகலெடுக்கும். நீளமான ஃபோல்டர் பெயர்களிலும் திக்காது. பச்சை நிறத்தில் பெயர் தெரியும் கோப்புகள் மட்டும் விதிவிலக்கு. அவை விண்டோஸ் பூட்டியவை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவைத்த சான்றிதழ் இருந்தால்தான் திறக்கும்.

விண்டோஸ் 8-க்குப் பிந்தைய ஃபைல் ஹிஸ்டரி என்றால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறியில் தேதியும் நேரமும் இருக்கும். அது யுடிசி என்ற உலகப் பொது நேரம், நம்முடைய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஆப்பிள் கம்ப்யூட்டரின் டைம் மெஷின் பேக்கப் என்றால் 8 எம்பி துண்டுகளாக ஆயிரக்கணக்கில் தெரியும். ஒன்றைக்கூட இடம் மாற்றாமல் முழுசாக ஒரு மேக்கில் இணைக்க வேண்டும். எக்ஸ்பி காலத்து பிகேஎஃப் பேக்கப் கோப்புக்கு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு எக்ஸ்பி போட்டு, அதிலேயே உள்ள என்டிபேக்கப்பால் திறப்பது எளிது. டேலி ஈஆர்பி 9 கணக்குத் தேடுகிறவர்கள் டிபிகே900.001 என்ற பெயரைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் 10000 என்பதுபோல் ஐந்து இலக்கப் பெயருள்ள ஃபோல்டரை முழுசாக எடுங்கள்.

கோப்பு கைக்கு வந்துவிட்டது என்றதும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். தமிழ் வேலை செய்த கம்ப்யூட்டர் என்றால் முடியவில்லை. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். யூனிகோடும் டேஸ் 16 என்ற எழுத்துக் குறியீடும் தமிழ்நாட்டு அரசின் தரமானது 2010-இல்தான். அதற்கு முன்பும், டிடிபி கடைகளில் அதற்குப் பிறகு வெகுகாலமும், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. குப்பையைப் பார்த்தே எது என்று ஓரளவு சொல்லலாம். அரைப்புள்ளிகள் நிறைந்திருந்தால் பாமினி வகை, அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தலையில் கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி, டேப், டேம் வகையில் ஒன்று. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற குறியீடு மாற்றும் மென்பொருளில் ஒரு பத்தியைப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் சரியானது பிடிபடும்.

ஆனால் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலரும் அழைப்பிதழும் பழைய உருவத்திலேயே வேண்டுமென்றால் அதே எழுத்துரு வேண்டும். விண்டோஸ் 7-இன் கோப்பு பேக்கப் விண்டோஸ் ஃபோல்டரை எடுப்பதில்லை, எனவே எழுத்துருக்கள் அதில் இருக்காது. முழு இமேஜில் இருக்கும். முதலில் விஎச்டியிலிருந்து விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்துவிடுங்கள். பிடிஎஃப்பில் இருந்து எழுத்துருவை உருவிவிடலாம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும்தான் அதில் இருக்கும், அடுத்த மலர் அடிக்க உதவாது. எழுத்துரு இல்லாமல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் வேறொன்றைப் போடவா என்று கேட்கும், நிரந்தரம் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டால் பழைய எழுத்துருவின் பெயரே கோப்பிலிருந்து போய்விடும். படங்கள் காணவில்லை என்றால், பழைய டி டிரைவில் இருந்த அதே பாதையை அதே எழுத்தில் உருவாக்கினால் தானாகச் சேரும். விளவங்கோடு, கல்குளம் பக்கக் கடைகளில் மலையாளக் கோப்புகளும் இருக்கலாம். எம்எல்-டிடி கார்த்திகா, ரேவதி என்ற பெயர்கள் தெரிந்தால் அவையும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகச் சோதனை. கோப்பின் அளவு சரியாக இருப்பதை வைத்து நம்பாதீர்கள். கெட்ட இடங்களில் டிடிரெஸ்க்யூ வெற்றிடம் விட்டிருக்கும், படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகத் தெரியும். அந்த வெற்றிடங்களை நீங்கள் சொல்லும் ஒரு சொல்லால் நிரப்பச் செய்யும் ஃபில் முறை அதில் உண்டு. அதை இமேஜ் கோப்பின் இன்னொரு நகலில் ஓட்டி, பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் எந்தெந்தக் கோப்பு அடிபட்டது என்ற பட்டியல் கிடைத்துவிடும். பழையது, புதியது, பெரியது என்று ஒரு இருபது கோப்பையாவது கையால் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். எல்லாம் இரண்டு டிஸ்க்கில் ஏறியபின், மூல டிஸ்க்கின் மேல் கம்ப்யூட்டரின் பெயர், பழைய பயனர் பெயர், எடுத்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடற்கரை வீடு என்றால் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் முன் பொட்டலத்தை மாற்றுங்கள்.